கை தூக்கி நிற்கும் படம்

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தில் நான் ஏன் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறீர்கள், பிள்ளைகளே. கோர்ட்டில் சத்தியம் செய்கிறேன் என்கிறான் பெரியவன். பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துகிறேன் என்கிறாள் சின்னவள். இரண்டும் இல்லை. அது நிலாவைப் படம் பிடித்த கதை. வாயால் சொன்னால் நடுவில் குறுக்கிட்டு வேறெங்கோ கொண்டுபோய்விடுகிறீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலையில் அரியூர் நாட்டில் எங்கள் வீடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாவுக்கு ஒரே தம்பி, எனக்கு ஒரே தாய்மாமன். மலையில் சாமையும் ராகியும் விதைப்பதை விட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் ஊரில் அவரைப் படம் புடிக்கறவர் என்றுதான் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் மாமா அதுவரை ஒரு படம்கூடப் பிடித்ததில்லை. ஆறு வருஷமாக இருட்டறையில், படம் பதிகிற கண்ணாடித் தகடு கழுவினார். படம் பிடித்துக்கொள்ள வருகிறவர்களுக்குத் தலை சீவிவிட்டார், அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டினார். அந்தக் காலத்து ஸ்டூடியோ கேமராவில் பித்தான் அமுக்குகிற வேலை கிடையாது. முன்னால் இருக்கும் மூடியை எடுத்து, மனதுக்குள் எண்ணி, திரும்ப மூடவேண்டும். அதுதான் படம் பிடிப்பது. அந்த மூடியை முதலாளி தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

ஏற்காட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, முதலாளி ஒரு பித்தளைத் தொலைநோக்கியை வாங்கி வந்துவிட்டார். அதன் பின்னால் கேமராப் பெட்டியைப் பொருத்தி நிலாவைப் படம் பிடித்து ஸ்டூடியோ வாசலில் மாட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. மொட்டை மாடியில் ஒரு மாதம் முயன்றார். சேலத்துப் புழுதியிலும் புகையிலும் நிலா கொழுக்கட்டை மாதிரி விழுந்தது.

"எங்க மலையில ஆகாசம் கழுவி உட்டாப்பல இருக்குமுங்க. என்கிட்டக் குடுத்துப் பாருங்க" என்று மாமா துணிந்து கேட்டிருக்கிறார். முதலாளி நான்கு நாள் லீவும், தொலைநோக்கியும் கேமராப் பெட்டியும், மூன்று கண்ணாடித் தகடும் கொடுத்தார். படம் நன்றாக வந்தால் இனிமேல் கேமரா மூடி உன் கையில், வராவிட்டால் ஆயுசுக்கும் கிலுகிலுப்பைதான் என்றும் சொல்லி அனுப்பினார். இதைச் சொல்லும்போது மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மார்கழி மாதம், வளர்பிறை. மாமா துறையூர் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் புளியஞ்சோலைக்கு வந்து சேர்ந்தார். அவரை அழைத்துவர அப்பாவும் நானும் விடியற்காலையிலேயே மலை இறங்கிப் போயிருந்தோம். தொலைநோக்கிப் பெட்டியை அப்பா தலையில் வைத்து, கேமராப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். கண்ணாடித் தகடுகளை மாமா யாரிடமும் தரவில்லை, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். மாமாவின் துணிப்பை ஒன்றுதான் என் பங்கு.

ஏறத் தொடங்குமுன் ஓடைக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். நான் சீக்கிரம் முடித்துவிட்டேன். பெரியவர்கள் பேச்சும் சோறுமாக இருந்தார்கள். மாமா பொரி வாங்கி வந்திருப்பார் என்ற நம்பிக்கையில் பையைத் துழாவினேன். பொரி இல்லை. வேட்டிக்குள் சுருட்டி ஒரு தகரக் குழாய் இருந்தது. இரண்டு பக்கமும் திறந்த குழாய், உள்ளே கறுப்புச் சாயம் பூசியது.

பாறைகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு மடு. அதில் குஞ்சு மீன்கள். ஒரு பக்கத்தை இடது உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு தண்ணீரில் அமுக்கினால், மீன் தானாக உள்ளே வந்துவிடும் என்று தோன்றியது. வரவும் வந்தது ஒன்று. அதைப் பிடிக்க வலது கையைக் குழாய்க்குள் விட்டேன். விரல் நுனி அடியிலிருந்த உள்ளங்கையைத் தொட்டபோது, குழாயின் மேல் விளிம்பு என் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றில் வந்து நின்றது. மீன் நழுவிப் போயிற்று. மறுபடி விட்டேன், மறுபடியும் கயிறு வரைக்கும். இப்படிப் பத்துத் தடவையாவது இருக்கும்.

"டேய், வெயில் ஏறுது, வாடா!" என்று அப்பா குரல் கொடுத்தார். திடுக்கிட்டுத் திரும்பினேன். குழாய் கையிலிருந்து வழுக்கி, இரண்டு பாறைகளின் இடுக்கில் புகுந்து, ஒரு குமிழியை மேலே அனுப்பிவிட்டு அடியில் போய்விட்டது. கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. ஒரு தகரம்தானே, யார் தேடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையை முன்போலக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் ஏறினேன்.

வீடு போய்ச் சேர்ந்து பையைத் திறந்தபோதுதான் அது வெறும் தகரமில்லை என்று தெரிந்தது.

வேட்டியை உதறினார் மாமா. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தொலைநோக்கிப் பெட்டியில் அடைத்திருந்த வைக்கோலை ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்தே வெக்கல போலிருக்குதுக்கா. பொறப்படற அவசரத்துல ஸ்டூடியோவுல மேசை மேலயே உட்டுட்டு வந்துட்டேன். என்னையெல்லாம் கிலுகிலுப்பை ஆட்டத்தான் வெக்கோணும்."

"வந்த காலோட அழுவாத சாமி. மொதல்ல சோறு தின்னு" என்றார் அம்மா.

மேசை மேல் என்று மாமாவே ஓர் இடத்தைச் சொல்லிவிட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆனாலும் அன்று சாமைச் சோறு இறங்கவில்லை. மலை ஏறின களைப்பு என்று நினைத்து அம்மா என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தக் குழாய் எதற்கென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். பூதக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்துச் சருகு கொளுத்துகிறீர்களே, கண்ணாடியைக் கிட்டே வைத்தாலும் பற்றாது, எட்ட வைத்தாலும் பற்றாது. ஒரே ஒரு தூரத்தில்தான் வெளிச்சம் ஊசிமுனை போலக் குவிந்து புகை வரும். தொலைநோக்கியின் முன் கண்ணாடியும் அப்படித்தான். நிலாவின் வெளிச்சத்தை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குவிக்கும். படம் விழவேண்டிய தகடு சரியாக அந்த இடத்தில் நிற்கவேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் மறுபடியும் கொழுக்கட்டைதான். கேமராப் பெட்டியை அந்தத் தூரத்தில் தாங்கி நிற்கச் செய்வதற்காகத்தான் முதலாளி அந்தக் குழாயை அளவு பார்த்துச் செய்யச் சொல்லியிருந்தார். தொலைநோக்கியில் திருகி நகர்த்துகிற ஏற்பாடு ஒன்று உண்டு. ஆனால் அது ஒரு விரல் அகலம்தான் நகரும். மீதித் தூரம் முழுவதும் குழாயின் பொறுப்பு.

"மூங்கில்ல ஒண்ணு செஞ்சுட்டாப் போவுது" என்றார் மாமா மறுநாள் காலையில்.

"எந்த மூங்கிலு?"

"காட்டுல இல்லாத மூங்கிலா மச்சான்?"

அப்பா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "வளர்பிறை நடக்குது மாப்ள. இப்ப வெட்டற மூங்கிலு உளுத்துக் கொட்டிப் போவும். நாலு நாட்டுலயும் ஒருத்தனும் இப்ப மூங்கில்ல அருவா வெக்கமாட்டான். சேலத்துக்குப் போயி அதையும் மறந்துட்டியா?"

"எனக்கு ஒரு சாயங்காலம் தாங்குனாப் போதும் மச்சான்."

"பச்சை மூங்கிலு பொழுது சாயறதுக்குள்ள வெடிக்கும். அப்பறம் வெட்டுன பாவந்தான் மிச்சம். தேய்பிறை வரட்டும், வெட்டித் தாரேன்."

மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "தேய்பிறை வர வரைக்கும் முதலாளி என்னைய வேலையில வெச்சிருப்பாரா? நெலாவைப் புடிக்க வந்தா அந்த நெலாவே குறுக்க நிக்குதே!"

மறுநாள்தான் அரை நிலா. அரை நிலாவில்தான் அதன் மேலிருக்கும் பள்ளமும் மேடும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியுமாம், முழு நிலாவில் எல்லாம் வெளுத்துப் போகுமாம். அதற்கடுத்த நாள் மாமா கீழே இறங்கியாகவேண்டும்.

காய்ந்த மூங்கில் வீட்டில் இல்லாமல் இல்லை. கூரையில் இருந்ததெல்லாம் மெல்லிசு. கேமராப் பெட்டிக்குப் பொருந்துகிற பருமனில் இருந்தது ஒன்றே ஒன்று. அம்மா சாமை அரிசி அளக்கும் அரைப்படி. ஒரு பக்கம் கணு, ஒரு பக்கம் வாய். அடுப்புப் புகையில் பல வருஷம் இருந்து இரும்பாகிப் போனது. அந்தப் படியை வெறுமையாக வைக்கக்கூடாது என்று அம்மா எப்போதும் அதில் ஒரு பிடி அரிசி போட்டே வைத்திருப்பார். எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் போயிற்று.

"என்னடா தம்பி, படியவே பாக்கற?" என்றார் அம்மா.

"இல்லக்கா."

"இல்லக்கான்னா? ஊட்டுல சோறு அளக்கற படிடா அது. அதுக்கு அடியத் தட்டிட்டா நாளைக்கு நான் என்னத்துல அளப்பேன், உன் தொப்பியிலயா?"

சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு சுரைக்குடுக்கையோடு வந்தார். படியில் சாமை அரிசியைத் தலைதட்டி நிரப்பினார். அதைக் குடுக்கையில் கொட்டி, அசைத்துச் சமன் செய்து, அரிசி நின்ற மட்டத்தில் குடுக்கையைச் சுற்றிக் கத்தி முனையால் ஒரு கோடு கீறினார். அவ்வளவுதான். அரைப்படியின் அளவு குடுக்கைக்கு மாறிவிட்டது. வெறும் படியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தம்பி கையில் கொடுத்தார்.

"போனது மூங்கிலு. அளவு என்கிட்ட இருக்குது. வேலையைப் பாரு."

மாமா கணுவைத் தட்டி எடுத்து அடிப்பக்கத்தைச் சீராக இழைத்தார். விளக்குக் கரியைக் குழைத்து உள்ளே பூசினார். இனி நீளத்தைக் குறைக்கவேண்டும். எவ்வளவு குறைப்பது? அங்கேதான் எல்லாம் நின்றது.

அன்று சாயங்காலமே நிலா மேலே வந்திருந்தது. அப்பா கேமராப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொள்ள, மாமா அதன் பின்புறத்தில் பிம்பம் விழுகிற தேய்த்த கண்ணாடியில் கண்ணை வைத்து, முன்னே, பின்னே என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏர் பிடித்த கை அப்பாவுடையது, ஆனாலும் அது நடுங்கியது. நிலா கண்ணாடியில் வந்தது, ஓடியது, கரைந்தது. மூன்று முறை அளந்தார்கள். மூன்று முறையும் மூன்று அளவு. மாமா மூங்கிலின் மேல் கரித்துண்டால் மூன்று கோடு போட்டு வைத்துக்கொண்டு, விடிந்த பிறகும் அவற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரம்பம் மடியில் கிடந்தது.

"நீளமா வெட்டிட்டா இன்னொருக்கா அறுக்கலாம்" என்றார் அப்பா.

"அறுக்கறப்பவெல்லாம் வாய் சாயுது மச்சான். சாஞ்சா நெலாவுல பாதி தெளியும், பாதி தெளியாது. ஒரே அறுப்புல முடியோணும். குட்டையாப் போச்சுன்னா ஒட்ட முடியுமா? இன்னொரு படிக்கு எங்க போறது?" மாமா ரம்பத்தைக் கீழே வைத்தார். "அந்தக் கொழாயோட நீளம் மட்டும் தெரிஞ்சாப் போதும். ஒரு மாசமா கையில புடிச்சுட்டு இருந்தேன். ஒரு நாளும் அளந்து வெக்கல பாருங்க."

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், மூங்கிலின் அடி விளிம்பில் விரல் நுனியை வைத்து, கையை அதோடு ஒட்டி நீட்டிக் காட்டினேன்.

"இந்தக் கயிறு வரைக்கும் மாமா."

மாமா என் கையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கயித்துக்கு மேலயா கண்ணு, கீழயா?"

"கயிறு மறையாது மாமா. கயித்தைத் தொட்டுட்டு நிக்கும்."

"ஏன்டா, உனக்கு எப்படிடா..." என்று தொடங்கினார் அப்பா.

"மச்சான், அந்தக் கரித்துண்டை இப்படிக் குடுங்க" என்றார் மாமா. என் கையை நகர விடாமல் பிடித்துக்கொண்டு, கயிற்றின் ஓரமாகப் புதிதாக ஒரு கோடு போட்டார். ஏற்கெனவே போட்டிருந்த மூன்று கோட்டிலும் அது சேரவில்லை, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் விழுந்தது. அதற்கப்புறம் அவர் தயங்கவே இல்லை. மூங்கிலைக் காலால் அழுத்திக்கொண்டு ஒரே அறுப்பு. அரைப்படியின் வாய் வளையமாகக் கழன்று விழுந்தது. அந்த வளையத்தை நான் எடுத்து விரலில் சுழற்றி விளையாடினேன். என் சொல்லை மாமா அப்படியே நம்பியதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பொருந்துகிற இடத்தில் துணி சுற்றி, வெளிச்சம் புகாமல் தேன்மெழுகு வைத்து அடைத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அரை நிலா தலைக்குமேல் வந்து நின்றது. மாமா தொலைநோக்கியின் திருகாணியைத் தொட்டார். கால் சுற்று திருகியிருப்பார், அவ்வளவுதான்.

"அக்கா, இங்க வா" என்றார்.

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, வௌவாலாட்டம் தலைகீழாத் தொங்குது!" என்றார்.

"அது அப்படித்தான்க்கா தெரியும்."

"மூஞ்சி பூரா அம்மைத் தழும்பா இருக்குது, பாவம்" என்றார் அம்மா. கடைசியில் நானும் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு நிலா. அதன் ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோலப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி நிழல்.

பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியிருந்தது. தேய்த்த கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தகட்டைச் செருகினார் மாமா. தொலைநோக்கியின் முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விடாதீர்கள் என்று எங்களுக்குக் கைகாட்டினார். அட்டையை எடுத்தார், மூடினார். அதுதான் மாமா தம் வாழ்நாளில் பிடித்த முதல் படம். இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவது தகட்டைச் செருகும்போது பனி எங்கள் முற்றத்தையும் மாட்டையும் நிலாவையும் சேர்த்து மூடிவிட்டது.

மறுநாள் அவரை வழியனுப்பப் புளியஞ்சோலை வரைக்கும் போனோம். சாப்பிட்ட அதே இடத்தில் மாமா தகட்டுப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கால் கழுவி வருகிறேன் என்று மடுவுக்குப் போனார். வெகுநேரம் கழுவினார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, பாறை இடுக்குகளில் கையை விட்டு விட்டு எடுத்தார். சேலத்தில் இப்படிக் குளிர்ந்த தண்ணீர் கிடைக்காது, பாவம், ஆசை தீர நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு ஏறி வந்து என் தலையைத் துவட்டுகிற மாதிரி ஈரக் கையால் கலைத்துவிட்டார்.

மாசி மாதம் அப்பா மிளகு மூட்டையோடு சேலத்துக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். நான் மலையை விட்டு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிலா பெரிய தட்டு அளவுக்கு மாட்டியிருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே மாமாவின் சட்டைப் பையில் கேமரா மூடி இருந்தது. அதை எடுத்து எங்களுக்குக் காட்டிவிட்டு மறுபடி பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஒரு மூலையில் மேசை. அதன்மேல் எங்கள் மூங்கில் கிடந்தது. பக்கத்தில் தகரம் எதுவும் இல்லை. எனக்குத் திக்கென்றது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அந்தத் தகரக் கொழாயி கெடச்சுதா மாமா?"

"மேசை மேல இல்லை கண்ணு" என்றார் மாமா. "போவட்டும். நீ இப்படி வந்து நில்லு. உன்னை ஒரு படம் புடிக்கோணும்."

திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்தித் தலை சீவிவிட்டார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு பெரிய மனிதனைப்போல நின்றேன். மாமா வந்து வலது கையைப் பிரித்து, உயரத் தூக்கி, விரல்களை நேராக நீட்டி, சட்டைக் கையைக் கீழே இறக்கிக் கறுப்புக் கயிறு தெரியும்படி வைத்தார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, உன் அக்கா பையன் வண்டிய நிறுத்தற போலீசுக்காரனாட்டம் நிக்கறான்?"

"அந்தக் கை தெரியோணுமுங்க" என்றார் மாமா. மூடியை எடுத்தார். மனதுக்குள் எண்ணினார். எண்ணும்போது என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பரிசு கொடுக்கிறார் என்று நானும் பல் தெரியச் சிரித்தேன். படத்தில் பாருங்கள், தெரியும்.

அளவு சரியாகச் சொன்ன கை என்று மலையேறுகிற வழியெல்லாம் அந்தக் கையை நானே பார்த்துக்கொண்டு வந்தேன். சேலத்து மேசை மேல் விட்டுவிட்டு வந்த குழாயின் நீளம், சேலத்தையே பார்த்திராத ஒரு பையனின் கைக்கு எப்படித் தெரிந்தது என்று மாமா ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டார் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.